கையில் திணிக்கும் ஆங் பாவ்: பினாங்கில் டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கார் ஓட்டிக் கற்றவை

டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பும்போதுதான் பெரும்பாலும் ஆங் பாவ், அதாவது உறையில் வைத்துத் தரும் அன்பளிப்புப் பணம், வரும். சீனக் குடும்பங்களில் மட்டும் என்று இல்லை. பினாங்கில் நம் ஆட்களும் சிவப்பு உறையோ, தீபாவளிக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஊதா உறையோ எடுத்து வைத்திருப்பார்கள். உறை கிடைக்காவிட்டால் நான்காக மடித்த பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டு. கார் கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, "பெட்ரோலுக்கு வெச்சுக்கோ தம்பி, வேணாம்னு சொல்லாதே" என்பார்கள். நோய் வந்ததிலிருந்து யாருக்கும் எதுவும் கொடுக்க முடியாமல் வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். அந்தப் பத்து வெள்ளியில் அவர்களுடைய மானம் இருக்கிறது. அதை வாங்கினாலும் சிக்கல், மறுத்தாலும் சிக்கல்.

எங்கள் சபையில் சிலர் சேர்ந்து இந்த ஊழியத்தைச் செய்து வருகிறோம். ஆயர் ஈத்தாம், ரைபிள் ரேஞ்ச் பிளாட், ஜெலுத்தோங், குளுகோர் பக்கம் தனியாகவோ வயதான துணையோடோ இருக்கும் சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது. அவ்வளவுதான் வேலை. நான் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். ஓய்வு நாட்களில் ஓட்டுகிறேன். மலேசியாவில் சிறுநீரகம் செயலிழக்க முதல் காரணம் நீரிழிவு. நம் வீடுகளில் இனிப்பு நீர் இல்லாத குடும்பம் எது? டயாலிசிஸ் என்றால் சாதாரணமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டியவர்களுக்கு அதன் வழியாக உதவி கிடைக்கலாம்; தொண்டு அமைப்புகள் நடத்தும் மையங்களில் கட்டணம் குறைவு. சிகிச்சைக்கு வழி பிறந்த பிறகும், வாரம் மூன்று முறை கீழே இறங்கி, போய், திரும்பி வர ஆள் கிடைப்பதில்லை. மகன் சிங்கப்பூரில் இருப்பான், மகளுக்கு லீவு கிடைக்காது. சிகிச்சை முடிந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த நிலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கச் சொல்ல முடியுமா?

நல்ல மனசு இருந்தால் போதும், ஊழியம் தானாகச் சுத்தமாக இருக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனசு நல்லதாக இருக்கும்போதே ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட வேண்டும் என்பதே என் அனுபவம். எந்தப் பணம் யார் கையில் வரும், யார் எண்ணுவார், எதற்கு முடியாது என்று சொல்வோம் என்பதெல்லாம் முதல் பயணத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். சோதனை வந்த பிறகு யோசித்தால், சோதனைக்குச் சாதகமாகத்தான் யோசிப்போம்.

வேதாகமத்தில் வரும் கேயாசியின் கதையை இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். சீரியப் படைத்தலைவன் நாகமானின் குஷ்டரோகம் நீங்கியதும் அவன் காணிக்கை கொண்டுவருகிறான். அவனைச் சுகமாக்கிய தீர்க்கதரிசி எலிசா வாங்க மறுக்கிறார், வருந்திக் கேட்டும் மறுக்கிறார். எலிசாவின் வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடுகிறான். தனக்கு வேண்டும் என்றா கேட்டான்? தீர்க்கதரிசிகளின் புத்திரரில் இரண்டு வாலிபர்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் வேண்டும் என்று சொன்னான். நாகமான் இரண்டு தாலந்தாகவே கொடுத்தான். எளியவர்களின் தேவையைச் சொல்லித்தான் கேயாசியால் அந்தப் பணத்தை வாங்க முடிந்தது. ஊழியத்தில் லாபம் நுழைவது இன்றும் அதே வாசல் வழியாகத்தான். "இது நோயாளிகளுக்காக" என்ற வார்த்தை வந்தாலே நான் இருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

சரி, ஆங் பாவுக்கு வருவோம். எங்கள் ஏற்பாடு இது. முதல் சந்திப்பிலேயே, நோயாளியோடு அவர் வீட்டார் ஒருவரையும் உட்கார வைத்து, ஓட்டுநர் கையில் பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்களுக்குச் சபையின் உண்டியல் இருக்கிறது, ரசீது உண்டு, அந்தப் பணம் பயண நிதிக்குப் போகும். அதற்கு மேலும் ஒருவர் வற்புறுத்தினால் சண்டை போட மாட்டோம். வாங்கி, அவர் கண் முன்னாலேயே காரில் இருக்கும் உறையில் போட்டு, பெயரும் தொகையும் எழுதி, அன்றே பொருளாளரிடம் சேர்க்க வேண்டும். முறுக்கோ, ஒரு பொட்டலம் மீகூனோ கொடுத்தால் தயங்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள். ஒரு பாட்டி சுட்ட முறுக்கைத் திருப்பிக் கொடுப்பதில் எந்தப் பரிசுத்தமும் இல்லை.

இதில் சட்டப் பக்கம் ஒன்றும் உண்டு, பலர் யோசிப்பதில்லை. கூலி வாங்கி ஆள் ஏற்றினால் தனியார் காருக்கு எடுத்த காப்புறுதி செல்லாமல் போகலாம். போன் செயலியில் கூப்பிடும் கிராப் போன்ற இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு, கூலிக்கு ஆள் ஏற்றத் தனியாக பிஎஸ்வி லைசென்ஸ் கேட்கிறார்கள். மாதா மாதம் ஒரே ஆளிடம் "அன்பளிப்பு" வாங்கும் ஓட்டுநர், விபத்து நடந்த அன்று, நான் இலவசமாகத்தான் ஓட்டினேன் என்று எப்படி நிரூபிப்பார்? உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஏஜென்டிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. "கர்த்தருக்காகச் செய்கிறோம், செலவையும் நாமே போடலாம்" என்றார் ஒருவர். நல்லெண்ணம்தான். ஆனால் அப்படி வைத்தால் சம்பளம் போதும் போதாமல் இருக்கும் இளைஞன் இந்த ஊழியத்துக்கு வரவே முடியாது; வசதி உள்ளவர்களின் ஊழியமாக அது சுருங்கிவிடும். அதனால் ஓடிய கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவைச் சபை நிதியிலிருந்து கொடுக்கிறோம். வேண்டாதவர் வாங்கிக்கொண்டு திரும்பக் காணிக்கையாகப் போடலாம். எல்லோருக்கும் ஒரே விதி என்பதால், யார் வாங்குகிறார் யார் வாங்கவில்லை என்ற பேச்சே எழாது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லாபம் தேடாத ஊழியம் என்ற பேரில் முழுநேர ஊழியர்களைப் பட்டினி போடும் பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. எனக்கு அதில் கோபம் உண்டு. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தார், உண்மை. அவரேதான் சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டதையும் அந்தச் சபைக்கு எழுதினார். கொரிந்தியரிடம் வாங்காதவர் பிலிப்பி சபை அனுப்பிய உதவியை நன்றியோடு ஏற்றுக்கொண்டார். தன் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது. அடுத்தவருடைய உரிமையை விட்டுக்கொடுக்கச் சபைக் கமிட்டிக்கு எந்த உரிமையும் இல்லை. நான் ஓய்வு நாளில் இலவசமாக ஓட்ட முடிவது தொழிற்சாலை எனக்குச் சம்பளம் தருவதால்தான்.

பணத்தை யார் வைத்திருப்பது? நல்லவர் ஒருவர் தன் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் போகும் டியூட்நவ் கியூஆரை அனுப்பி, "இதில் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது வழக்கமாக நடக்கிறது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். சபைக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, உண்டியலை இரண்டு பேர் சேர்ந்து எண்ணுவது, கணக்கை மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. இதை அவநம்பிக்கை என்று நினைத்து வருத்தப்பட்டவர்களுக்கு நான் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது, ஒருவனும் தங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருந்து, தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பி வைத்தார் பவுல். பணத்தை எடுத்துப் போக யார் தகுந்தவர் என்பதையும் கொரிந்தியரே குறிக்கச் சொல்லியிருந்தார். பவுலே தன்னைத் தனியாக நம்பச் சொல்லவில்லை.

எங்களுக்கு அதிகத் தலைவலி கொடுத்தது காசைவிட வியாபாரம்தான். நோயாளி ஒருவரை வாரம் மூன்று முறை காரில் வைத்து ஓட்டும்போது பேச்சு வளரும், நம்பிக்கை வளரும். உதவிக்கு வந்த ஒருவர், சிறுநீரகத்தைச் சரியாக்கும் என்று ஒரு மூலிகைப் பானத்தை நோயாளிகளுக்கு விற்றிருக்கிறார். ஒரு பாட்டில் விலை எங்கள் ஒரு வாரப் பெட்ரோல் செலவைவிட அதிகம். வாங்கிய அக்கா டாக்டரிடம் சொல்லவில்லை. "கொண்டாந்து விடுற தம்பி மனசு நோகக் கூடாதுன்னுதான் வாங்கினேன்" என்றார். அந்த வாக்கியம் இன்னும் என்னை வருத்துகிறது. மறுக்க முடியாத இடத்தில் ஒருவரை வைத்துவிட்டு விற்பது அது. சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடலாம். அப்படியிருக்க, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பானத்தை அந்த உடம்புக்குள் ஊற்றுகிறோம். அதன் பிறகு விதி எழுத்தில் வந்தது: நேரடி விற்பனைப் பொருள், காப்புறுதி, முதலீட்டுத் திட்டம், நிலம், எதையும் நோயாளிக்கோ அவர் குடும்பத்துக்கோ நாம் விற்பதில்லை, கார் ஓட்டுவதை நிறுத்தி ஓர் ஆண்டு முடியும் வரை அப்படித்தான். ஓர் ஆண்டு ஏன் என்று கேட்டார்கள். இன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிட்டு நாளைக்கே பாட்டிலோடு போய் நிற்பதைத் தடுக்கத்தான்.

இளநீர், வாழைப்பழம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்றால் பழக்கூடை தூக்கிக்கொண்டு போவது நம் வழக்கம். டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் அதிகம் என்பதால் ஆபத்து. பெலிம்பிங் என்று நாம் சொல்லும் ஸ்டார் புரூட்டை அவர்கள் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருள் மூளையைப் பாதித்து வலிப்பையும் மரணத்தையும் உண்டாக்கியிருக்கிறது. தண்ணீர்கூட அவர்களுக்கு அளவுதான். "ஒரு டீ குடிச்சுட்டுப் போகலாம்" என்று மாமாக் கடையில் நிறுத்தாதீர்கள். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் பிஸ்டுலா உள்ள கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அந்தக் கையில் பை மாட்டாதீர்கள். இறங்கியதும் சில நிமிடம் உட்கார வைத்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகே லிப்டுக்கு நடத்துங்கள். அன்பு என்று நாம் நினைத்துக் கொடுப்பது நம் திருப்திக்கா, அவர் நலனுக்கா என்பது இந்தச் சின்ன விஷயங்களில்தான் தெரியும்.

அடுத்தது சொத்து. எழுதக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பிள்ளைகள் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்ட முதியவர் ஒருவர், எங்கள் ஓட்டுநர் ஒருவரை தன் இபிஎஃப் சேமநிதிக்கு நாமினியாக, அதாவது தான் இறந்த பின் அந்தப் பணத்தைப் பெறுபவராக, போடுகிறேன் என்றார். அவர் சுயநினைவோடுதான் சொன்னார், பாசத்தோடுதான் சொன்னார். ஓட்டுநர் அன்று இரவே எங்களுக்குப் போன் செய்தார். அதுவே அவருடைய நேர்மைக்கு அடையாளம். நாங்கள் முடியாது என்றோம். நாமினி, கூட்டு வங்கிக் கணக்கு, ஏடிஎம் கார்டின் ரகசிய எண், வீட்டுச் சாவி, எதுவும் ஓட்டுநர் பெயரிலோ கையிலோ வரக் கூடாது. உயில் எழுத விரும்புகிறவருக்கு உயில், சொத்து விஷயங்களைக் கவனிக்கும் அமானா ராயா அலுவலகம் இருக்கிறது, வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு வெளியே காத்திருக்கலாம், உள்ளே போய் உட்காரக் கூடாது. பெரியவருக்கு முதலில் வருத்தம்தான். சபையின் மூத்த ஒருவர் அவர் மகளிடம் பேசினார். மகள் வந்தாரா, உறவு சரியானதா என்பதெல்லாம் அவர்கள் குடும்ப விஷயம், இங்கே எழுத மாட்டேன்.

ஒரே நோயாளிக்கு ஒரே ஓட்டுநர் என்று வைக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். நோயாளிக்குப் பழகிய முகம் பிடிக்கும். தினம் ஒரு புது ஆள் வந்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். அதற்காக ஒருவரே போய்க்கொண்டிருந்தால், "என் நோயாளி" என்ற எண்ணம் வளரும். அவர் இல்லாமல் நடக்காது என்ற நிலை ஓட்டுநருக்கு ஒருவிதச் சுகம். அதுவும் ஒரு கூலிதான். இரண்டு பேரை மாற்றி மாற்றி வைக்கிறோம். பெண் நோயாளி என்றால் அந்த இருவரில் ஒருவராவது பெண்.

போட்டோ வேண்டாம். சக்கர நாற்காலியில் இருப்பவரின் படத்தைச் சபை வாட்ஸ்அப்பில் போட்டு "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுவது சாதாரணமாகிவிட்டது. வாரம் மூன்று நாள் நம் காரை நம்பியிருப்பவரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அவருக்கு எங்கே இருக்கிறது? ஹேம்பரோடும் (பரிசுக் கூடை) பேனரோடும் வர விரும்பிய ஒரு பிரமுகரிடம், ஹேம்பரை மட்டும் அனுப்பச் சொன்னோம். அவரும் வரவில்லை, ஹேம்பரும் வரவில்லை. நிதிக்கு நன்கொடை கேட்கும்போது நாங்கள் ஒட்டுவது ஓடிய தூரம், செலவு, மீதி என்ற மூன்று வரிகளைத்தான். அதைப் பார்த்துக் கொடுப்பவர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெயர் என்று வரும்போது, பினாங்கின் பத்து லஞ்சாங் பகுதியில் முதியோரைப் பராமரிக்கும் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையைத் தொடங்கிய பெண்ணை நினைத்துக்கொள்வேன். நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் அவர் வாழ்க்கை என்னைப் பிடித்துக்கொண்டது. ழான் ஜுகான், பிரான்சின் பிரித்தானி பகுதியில் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கண் தெரியாத ஒரு மூதாட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலைக் கொடுத்தார். பிறகு முதியவர்களுக்காகக் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். சபை வளர்ந்ததும் அதை மேற்பார்த்த பாதிரியார் அவரைத் தலைமையிலிருந்து நீக்கி, தானே அதைத் தொடங்கியதாகச் சொல்லிக்கொண்டார். கடைசி 27 ஆண்டுகள் ழான் ஜுகான் ஓர் ஓரத்தில் சாதாரணக் கன்னியாக வாழ்ந்து 1879-இல் இறந்தபோது, கூட இருந்த இளம் கன்னியர் பலருக்கு அவர்தான் தொடங்கியவர் என்பதே தெரியாது. 2009-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அந்தப் பாதிரியார் செய்தது அநியாயம். அதை நான் ஆவிக்குரிய பாடம் என்று பூசி மெழுக மாட்டேன். என்னைத் தொட்டது இன்னொன்று. நிரந்தர வருமானம் தரும் சொத்துகளை ஏற்கலாமா என்ற கேள்வி அவர்கள் சபையில் எழுந்தபோது, ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அவருடைய கருத்தையும் கேட்டார்கள். வேண்டாம் என்ற முடிவின் பக்கம் அவர் நின்றார். இன்றும் அந்தக் கன்னியர் பெருமளவு கொடைகளை நம்பி வாழ்கிறார்கள். எல்லாச் சபையும் அப்படி இருக்க முடியாது. ஆனால் வேண்டாம் என்பதை ஒரு தீர்மானமாக, எழுத்தில் வைத்தவர்கள் அவர்கள்.

ஆத்துமாக்களைப் பற்றி. "இத்தனை பேரை ஏற்றி இறக்குகிறீர்களே, எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள்?" என்று கேட்கிறார்கள். எங்கள் காரில் ஏறுபவர்களில் இந்துக்கள் உண்டு, சீனப் பெரியவர்கள் உண்டு, மலாய்க்கார பாக்சிக் (பெரியவர்) ஒருவரும் உண்டு. காரில் துண்டுப்பிரதி கிடையாது, பிரசங்கம் ஒலிக்காது. அவராகக் கேட்டால், அவருக்காக ஜெபிப்பேன். மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன். இயேசு குஷ்டரோகிகள் பத்துப் பேரைச் சுகமாக்கினார். திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்டார், ஆனால் கொடுத்த சுகத்தைத் திரும்ப வாங்கவில்லை. என் விசுவாசத்தை நான் மறைப்பதில்லை; காரின் கண்ணாடியில் சிலுவை தொங்குகிறது. அதை வைத்து அவரிடமிருந்து ஒன்றை வசூலிக்க மட்டும் மாட்டேன்.

வேறு ஊர்களிலிருந்து சிலர் இதைத் தொடங்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பணம் அதிகம் வேண்டாம், ஆள் வேண்டும். இரண்டு கார், மாறி மாறி ஓட்ட நான்கு பேர், நோயாளிகள் கூப்பிட ஒரே ஒரு போன் எண், அந்தப் போனை வாராவாரம் மாற்றி வைத்துக்கொள்ள இரண்டு பேர், ஒரு நோட்டுப் புத்தகம். முதலில் மையத்தின் தாதியரிடம் பேசுங்கள். யாருக்கு உண்மையில் ஆள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு நோயாளியோடு தொடங்குங்கள். டயாலிசிஸுக்கு விடுமுறை கிடையாது, கிறிஸ்துமஸ் அன்றும் அவருக்கு முறை வரலாம், அதனால் நீங்கள் தாங்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்காதீர்கள். பாதியில் கைவிடுவதைவிட முதலிலேயே முடியாது என்பது மேல். வீட்டாரில் ஒருவர் ஓட்டத் தயாராகிவிட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் காத்திருக்கும் அடுத்த பெயருக்குப் போங்கள்.